கார்டின் பின்பக்கம்

தூறல் பார்ப்பதற்காக ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போகிறவர்களைப் பற்றி ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஷார்ஜாவில் ஜூலை மாதம் ஒரு தடவை பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஓமானின் தென்கோடியில் சலாலா என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும் மாதங்களில் அங்கே மட்டும் மேகம் இறங்கி, மலை பச்சையாகி, நாள் முழுக்கச் சாரல் விழும். கடலில் இறங்க முடியாது, அந்தப் பருவத்தில் அலை ஆளையே தூக்கிப் போட்டுவிடும் என்றார்கள். எனக்குக் கடலில் இறங்க வேண்டியதில்லை. கடலைப் பார்த்த ஓர் அறையில், யாருக்கும் காபி போடாமல், ஐந்து நாள் உட்கார்ந்திருந்தால் போதும்.

எனக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். இந்தப் பதிமூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் அம்மையப்பன் எடுத்த லீவில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. ஒரு லீவு நாத்தனார் கல்யாணத்துக்கு, ஒன்று அவள் வளைகாப்புக்கு, ஒன்று அந்தக் குழந்தைக்குக் காது குத்த. என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இவர் அம்மாவுக்கு முழங்கால், பட்டா மாற்றுவதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தே தீர்ந்துபோன ஒரு முழு ஆகஸ்ட். சங்கரன்கோவிலில் போய் இறங்கிய அன்றே, எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்வார்கள். திரும்பி வந்து ஷார்ஜா வீட்டைத் திறக்கும்போது எனக்கு முதுகு விட்டுப்போயிருக்கும். டியூட்டிக்குப் போனால்தான் ஓய்வு என்பார் இவர்.

இந்த வருஷம் அதிசயமாக ஊரில் யாருக்கும் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, எல்லார் கண்ணும் முழங்காலும் நன்றாக இருந்தன. அதனால் ராதிகா சலாலாப் பேச்சை எடுத்தபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், நாங்களும் வருகிறோம் என்றுவிட்டேன்.

ராதிகா என் மகள் தன்யாவோடு பரதநாட்டியம் கற்கிற பிள்ளையின் அம்மா. சென்னைக்காரி. அவள் கணவர் ராஜீவ் துபாயில் ஒரு பேங்கில் பெரிய வேலையில் இருக்கிறார். வாரம் இரண்டு நாள், வகுப்பு முடிகிறவரைக்கும் நாங்கள் தாய்மார்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பழகியவர்கள். நான்கு குடும்பம், நான்கு கார் என்று முடிவானது. மற்ற இரண்டு வீட்டில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் விமானம் பழுது பார்க்கிற இன்ஜினியர். என் வீட்டுக்காரர் மேனேஜர். அப்படித்தான் நான் முதல் நாள் சொன்னேன், அப்படித்தான் தன்யாவின் பள்ளிக்கூட ஃபாரத்தில் வருஷா வருஷம் எழுதுகிறேன். பொய் இல்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினிய ஜன்னல் செய்கிற கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் மேனேஜர். அவருக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

ராதிகா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒழுங்காகச் செய்கிறவர்களோடு சேர்ந்து பயணம் கிளம்புவது எவ்வளவு களைப்பான காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தாள். எந்த பெட்ரோல் பங்கில் நிற்பது, எந்த ஊரில் ராத்திரி தங்குவது, யார் வீட்டுப் புளியோதரை முதல் நாளுக்கு, யார் வீட்டுச் சப்பாத்தி இரண்டாம் நாளுக்கு என்று எக்ஸெல் போட்டாள். அதில் பெயர், பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, தொழில் என்று கட்டங்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் எழுதினாள்: எல்லாரும் வீட்டில் இருக்கிறவர்களின் ஐடி கார்டை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் போட்டோ எடுத்து இங்கே போட்டுவிடுங்கள், மற்றதை நான் நிரப்பிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் நான் அவருடைய பர்ஸிலிருந்து கார்டை எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து முன்பக்கம் எடுத்தேன். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எடுத்தேன். போட்டோ கலங்காமல் வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் படித்தேன். தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில், லோடிங் அண்ட் அன்லோடிங் வொர்க்கர் என்று இருந்தது.

சுமை ஏற்றி இறக்குகிற ஆள்.

முன்பெல்லாம் விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். தொழில் அதில் அரபியில் இருக்கும். அந்தப் பக்கத்தை எத்தனை ஏர்போர்ட்டில் எத்தனை தடவை நான் திறந்து நீட்டியிருக்கிறேன். அழகான எழுத்து என்று நினைத்ததோடு சரி. புதுக் கார்டில்தான் ஆங்கிலத்திலும் போடுகிறார்கள். அந்தப் புதுக் கார்டும் வந்து ஒன்றரை வருஷமாக அவர் பர்ஸில்தான் இருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இங்கே விசாவில் ஒரு தொழிலும் கையில் ஒரு தொழிலுமாகப் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. எங்கள் மாடியிலேயே தையல்காரர் விசாவில் ஒருவர் கம்ப்யூட்டர் பார்க்கிறார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் என்றால் சிரிப்பு வருகிறது.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நான் கார்டைக் கையில் வைத்திருந்தேன்.

"இது என்னங்க?"

குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கார்டு."

"பின்னால என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

"ஆமா. நான் வந்தப்ப கம்பெனிக்கு அந்த விசாதான் காலியா இருந்துச்சு. பத்துப் பேரை அதுலதான் எடுத்தாங்க. பெறகு ஸ்டோர் கீப்பர் ஆக்குனாங்க, மேனேஜர் ஆக்குனாங்க. விசாவை மாத்தணும்னா சர்டிபிகேட் கேப்பாங்க. நமக்குத்தான் டிப்ளமாவுல ரெண்டு பேப்பர் நிக்குதே. சம்பளம் ஏறுதுல்லா, அது கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப நெஜமாவே லோடு ஏத்துனீங்களா?"

"மூணு வருஷம். நமக்குக் கல்யாணம் ஆகுத வரைக்கும் அதான் வேல. பெறகும் ஆள் வரலன்னா ஏத்துவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாம என்ன. நீ வந்த புதுசுல முதுகு வலிக்குன்னு தெனமும் சொல்லுவேன்லா. நீதான தைலம் தேச்ச."

தேய்த்தேன். ஆபீஸ் நாற்காலி சரியில்லை போலிருக்கிறது, மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். அவரும் சரி என்றார். மேனேஜர், ஷார்ஜா என்று எங்கள் கல்யாணப் பத்திரிகையில் போட்டது என் அப்பா. அப்படிப் போடச் சொல்லி இவர் கேட்கவும் இல்லை, போடாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை. சண்டை போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எதைப் பிடித்துச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

"பார்டர்ல விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல. முன்னால தொழில் பாத்துத்தான் விடுவாங்கன்னு சொல்லுவாங்க. யார்கிட்டயாவது கேட்டுப் பாரு."

மறுநாளே கேட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை முழுக்க நான் கேட்கவில்லை. ராதிகா குரூப்பில் எழுதினாள்: "ஜோதி, உங்க வீட்டு கார்டு மட்டும்தான் பாக்கி." நான் முன்பக்கத்தை மட்டும் அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டுப் பின்பக்கம் கேட்டாள். வீட்டில் இல்லை என்றேன். இருந்தேன். போட்டோவில் அந்த வரியை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று அரைமணி நேரம் முயன்றேன். வெட்டினால் வெட்டியது தெரிந்தது. நாற்பது வயதை நெருங்குகிற பொம்பளை, மதியச் சாப்பாட்டை அடுப்பில் வைத்துவிட்டு, புருஷன் பெயருக்குக் கீழே இருக்கிற ஒரு வரியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

புதன்கிழமை காலையில் ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே நஜீஹா என்ற காயல்பட்டினத்துப் பெண் ஒரு டைப்பிங் சென்டரில் இருக்கிறாள். விசா, கார்டு, மெடிக்கல் என்று அரசாங்கத்தோடு பேச வேண்டிய எல்லாவற்றையும் அரபியில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. தன்யா பிறந்ததிலிருந்து எங்கள் காகிதங்களெல்லாம் அவள் கையால் போனவைதான்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க," என்று ஆரம்பித்தேன். "கார்டுல லோடிங் ஆள்னு இருக்கு. ஓமானுக்குக் கார்ல போகணுமாம். விடுவாங்களா?"

நஜீஹா கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பல்லாம் முன்ன மாதிரி பாக்கறது இல்லக்கா. பயமா இருந்தா அவருக்கு மட்டும் ஆன்லைன்ல விசா போட்டுரலாம். போட்டோவும் பாஸ்போர்ட்டும் தாங்க, சாயந்திரமே அனுப்பிருதேன்."

"பிரச்சினை ஒண்ணும் வராதா?"

"என்ன பிரச்சினை? அண்ணனுக்குப் போட்டுரட்டுமா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. கார்டு புதுப்பிக்கும்போதெல்லாம் அவள்தானே அடித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது, ஒரு நாளும் அவள் என்னைக் குறைத்துப் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வெளியே வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. பஸ் ஸ்டாப்பின் ஏசிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். வழி இருக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், நியாயமாக எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. விட மாட்டார்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றுதான் தோன்றியது. அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ராதிகாவிடம் நாலு வார்த்தை புலம்பிவிட்டு இருந்திருப்பேன். அந்தக் கூண்டுக்குள் வைத்துத்தான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அவரைச் சலாலாவுக்குப் போக விடாமல் தடுக்கிற பார்டர் ஓமானில் இல்லை. அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தும் மனசு மாறவில்லை.

வீட்டுக்குப் போய் ராதிகாவுக்குத் தனியாகப் போன் செய்தேன். எங்கள் விவரத்தை நாங்களே நிரப்பிக்கொள்கிறோமே, உனக்கு எதற்குச் சிரமம் என்றேன்.

"ஐயோ, சிரமம் என்ன ஜோதி. போன வருஷம் நாங்க போனப்பவே அப்படித்தான், பார்டர்ல ராஜீவ்தான் இறங்கி எல்லார் கார்டையும் மொத்தமா வாங்கிட்டுப் போய்க் கொடுப்பார். ஒவ்வொருத்தர் பேரா படிச்சுச் சொல்லுவார். அவருக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்," என்று சிரித்தாள்.

நான்கு கார் நிற்கிறது. ராஜீவ் கார்டை ஒவ்வொன்றாகத் திருப்புகிறார். பேங்க், டாக்டர், இன்ஜினியர். அப்புறம் எங்களுடையது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், படித்த மனிதர். ராதிகாவும் சொல்ல மாட்டாள். முன்பைவிட அதிகமாகப் பிரியம் காட்டுவாள். என் தட்டில் இன்னும் ஒரு சப்பாத்தி வைப்பாள். ஐந்து நாளும் அந்தச் சப்பாத்தியை என்னால் தின்ன முடியாது.

இதற்கிடையில் இவர் கிளம்ப ஆரம்பித்திருந்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஊருக்குப் போவதற்கு அல்லாமல் சும்மா இருப்பதற்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். காருக்கு இரண்டு டயர் மாற்றினார். ஐஸ் போட்டுத் தண்ணீர் எடுத்துப்போக நீலநிறத்தில் ஒரு பெட்டி வாங்கி வந்து ஹாலில் வைத்தார். சலாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கரையில் பாறை ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் பீய்ச்சியடிக்குமாம், அதை வீடியோவில் பார்த்துவிட்டுத் தன்யாவைக் கூப்பிட்டுக் காட்டினார். புதன்கிழமை சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"கார்டு அனுப்பிட்டியா?"

"அனுப்பிருதேன்."

"நஜீஹாட்ட கேட்டியா?"

"கேட்டேன். பெருசா பாக்க மாட்டாங்களாம்."

"அப்ப சரி. அனுப்பிரு. ராஜீவ் சார் என்னன்னு கேட்டா நானே சொல்லுதேன். மறைக்கதுக்கு அதுல என்ன இருக்கு?" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் கொஞ்சமாவது கூசியிருந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏதாவது சொல்லித் தப்பித்திருப்போம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ராதிகா மறுபடியும் கேட்டாள். ஹோட்டல்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்றாள். நான் போனை எடுத்தேன். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பில் அடி, எந்த நேரமும் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், எங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். எழுதி ஒரு தடவை படித்தேன். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கைகூப்புகிற படங்கள் வரிசையாக வந்தன. பல் டாக்டர் மனைவி ஒரு எலும்பு டாக்டரின் நம்பரே அனுப்பினாள். நான் எல்லாருக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு பொய் சொல்லும்போது அதன் மறுபக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ராஜீவ் நல்ல மனிதர். அவர் மதியமே இவருக்குப் போன் செய்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இவர் வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். தன்யா உள்ளே அவள் அறையில் இருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"ராஜீவ் சார் பேசுனாரு. அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரு," என்றார்.

நான் ஈரக் கையைத் துணியில் துடைத்தேன்.

"இப்பப் பரவால்ல சார்னு சொன்னேன். பெறகு பயமா இருந்துச்சு. எனக்குத் தெரியாம உனக்குப் போன் வந்திருக்குமோன்னு அம்மாவக் கூப்பிட்டேன். முருங்கக்கா பறிச்சிட்டு இருக்கா."

குரலில் கோபம் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து இதைச் சுமந்துகொண்டு வேலை பார்த்திருக்கிறார் என்பது உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

"கார்டுக்காகவா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த ஒரு பொய்யை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்ல," என்றேன். "எனக்கு."

அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் ஏசி மெஷின்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"பதினாறு வருஷமா அந்தத் தொழிலச் சொல்லித்தான் இந்த ஊருக்குள்ள வாரேன் ஜோதி. ஏர்போர்ட்ல எத்தனையோ பேரு பாத்தாச்சு. ஒருத்தன்கூட மூஞ்சியச் சுளிச்சது இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் எழுந்து வந்து சமாதானப்படுத்துவார், அதற்கு எனக்கு அருகதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். இப்போதே ராதிகாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கார்டை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லலாம். போன் என் கையில்தான் இருந்தது. சொல்வேன் என்று நானும் எதிர்பார்த்தேன். கை அசையவில்லை. எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது, என் மேலேயே.

அறைக் கதவு திறந்து தன்யா வந்தாள். அவளுடைய டேப் அவள் கையில் இருந்தது.

"அப்பா, ராதிகா ஆன்ட்டி வீட்ல எல்லாம் பேக் பண்ண ஆரம்பிச்சிட்டாங்களாம். நாம வரலன்னு அவங்க பொண்ணு மெசேஜ் போட்டிருக்கா. வீ ஆர் கோயிங், ரைட்?"

அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அவர் சொன்னார்.

"அப்பாவுக்கு லீவு தர மாட்டேன்னுட்டாங்கம்மா."

"யூ ப்ராமிஸ்ட்."

"கேட்டேன்மா. தரல."

"நீங்க ஒழுங்கா கேட்டிருக்க மாட்டீங்க. யூ நெவர் ஆஸ்க் ப்ராப்பர்லி. எல்லா அப்பாவுக்கும் லீவு கிடைக்குது." அவள் குரல் உடைந்தது. டேப்பை சோபாவில் எறிந்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். கம்பெனி சீல் குத்தி, முதலாளி கையெழுத்துப் போட்ட லீவுக் காகிதம். அன்றைய தேதி இருந்தது. ஏழு நாள் கொடுத்திருந்தார்கள்.

"இத எங்கயாவது உள்ள வச்சிரு," என்றார். "பிள்ள கண்ணுல பட்டுரப் போவுது."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் கை கழுவப் போனார்.